வளைந்தாலும் வழிவிடும் பொருள்

நுழையும்முன்

கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் திரையிலுள்ள ஒவ்வொரு படப்புள்ளியையும் இயக்க ஒரு நுண்ணிய மின்சாவி தேவை. அதுவே மென்படல டிரான்சிஸ்டர். கண்ணாடிப் பரப்பில் வளர்ந்த அச்சாவி, வளையும் நெகிழித் தாளிலும் சிறப்புடன் செயல்பட வழிகண்ட அறிவியலாளர் ஒருவரின் ஆய்வுப் பயணத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிலிக்கானின் எல்லை

1962இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் பால் வைமர், காட்மியம் சல்பைடைக் கொண்டு மென்படல டிரான்சிஸ்டரை உருவாக்கினார். 1979இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அணுக்கள் ஒழுங்கின்றி அமைந்த படிக உருவற்ற சிலிக்கானால் அதனைச் செய்துகாட்டினர். தட்டைத் திரைகள் பெருகின. எனினும் இரு குறைகள் எஞ்சின. அப்பொருளில் எலக்ட்ரான்கள் மெதுவாகவே நகர்ந்தன. படலம் உருவாக்க ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டியிருந்தது. எளிய நெகிழி அவ்வெப்பத்தில் உருக்குலைந்துவிடும்.

கண்ணாடி ஆய்வாளரின் வினா

ஹிடியோ ஹொசோனோ 1953இல் ஜப்பானின் சைதாமா மாநிலத்தில் பிறந்தார். 1982இல் முனைவர் பட்டம் பெற்றார். கண்ணாடியும் ஆக்சைடுகளுமே அவர்தம் ஆய்வுக்களம். இவை பெரும்பாலும் மின்சாரத்தைத் தடுப்பவை. ‘ஒழுங்கற்ற ஆக்சைடு ஒன்றில் எலக்ட்ரான்கள் விரைந்து ஓட இயலுமா?’ என்பதே அவர் எழுப்பிய வினா.

கட்டடப் பணியில் சித்தாள்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒருவர் முகம் திருப்பி நின்றாலும் சட்டி தடைப்படும். சிலிக்கான் அணுக்களின் பிணைப்பும் இவ்வாறு திசை சார்ந்தது. ஒழுங்கு குலைந்தால் ஓட்டமும் குலையும். இண்டியம் போன்ற கன உலோக அயனிகளின் வெளிப்புற எலக்ட்ரான் மண்டலமோ பெரியது, உருண்டை வடிவினது. உருண்டைக்கு முன்பின் இல்லை. எப்பக்கம் திரும்பினாலும் அண்டை மண்டலத்தோடு அது மேற்பொருந்தும். ஆதலின், ஒழுங்கின்மையிலும் எலக்ட்ரானுக்கு வழி அடைபடாது. இக்கருத்தை ஹொசோனோ குழுவினர் 1996இல் வெளியிட்டனர்.

கருத்து கருவியானது

கருத்து கருவியாக மலரப் பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹொசோனோவும் கென்ஜி நொமுராவும் உள்ளிட்ட குழு, இண்டியம், காலியம், துத்தநாகம், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்த ஆக்சைடைத் தேர்ந்தது. 2003இல் அதன் படிக வடிவில் டிரான்சிஸ்டர் அமைந்தது. ஆனால், அதற்கு 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே, அக்குழு படிக உருவற்ற அதே ஆக்சைடை அறை வெப்பநிலையிலேயே நெகிழித் தாளின்மேல் படியச் செய்தது. எலக்ட்ரான்களின் இயக்க எண் படிக உருவற்ற சிலிக்கானைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மிகுந்திருந்தது. தாளைப் பலமுறை வளைத்த பின்னரும் டிரான்சிஸ்டர் செயல்பட்டது.

2011இல் சாம்சங் நிறுவனம் இதற்கான காப்புரிமை உரிமத்தைப் பெற்றது. 2012இல் ஷார்ப் நிறுவனம் இவ்வகைத் திரைகளின் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. மின்தடுப்பான் என ஒதுக்கப்பட்ட பொருளினத்திலிருந்து உலகெங்கும் ஒளிரும் திரைகள் பிறந்தன. பொருளின் இயல்பை ஆழ்ந்து கற்றவருக்கு அதன் குறையே வழியாகும் என்பதற்கு ஹொசோனோவின் வாழ்வு சான்று.

தெரிந்து தெளிவோம்

2008இல் இரும்பு கலந்த சேர்மத்தில் 26 கெல்வின் வெப்பநிலையில் மீக்கடத்தும் பண்பைக் கண்டறிந்ததும் ஹொசோனோவின் குழுவே. 2016இல் அவருக்கு ஜப்பான் பரிசு வழங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. சிலிக்கானுக்கும் ஹொசோனோ தேர்ந்த ஆக்சைடுக்கும் உள்ள வேறுபாட்டை உவமை ஒன்றன்வழி விளக்குக.
2. வளையும் திரைகள் மருத்துவத்திலும் கல்வியிலும் எவ்வாறு பயன்படலாம்? வகுப்பில் கலந்துரையாடுக.