புது மீனுக்குத் தனித் தொட்டி

கடையிலிருந்து வந்த கோமாளி மீனின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மீன் கல்லில் உடலை உரசுகிறது. சில நாளில் புள்ளிகள் தாமே மறைகின்றன. நோய் தீர்ந்ததென்று மகிழலாமா? கூடாது!

கிரிப்டோகேரியான் என்னும் ஒரு செல் ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். மீனின் தோலில் தின்று வளர்ந்தபின் அது உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொள்கிறது. ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய 200 ஒட்டுண்ணிகள் வெளிவந்து மீனைத் தேடும். மறைந்த புள்ளிகள் பன்மடங்காய்த் திரும்புவது இதனால்தான்.

மருந்திடுமுன் நோயை அறிதல் வேண்டும். பொன்தூள் போன்ற நுண்பொடியும் வேகமான மூச்சும் வெல்வெட் நோயின் குறிகள். தாமதித்தால் மீன் ஓரிரு நாளில் மாண்டுவிடும். தோலில் தடித்த வெண்சளி படர்ந்தால் அது புரூக்லினெல்லாவாக இருக்கலாம். அதற்கு ஃபார்மலின் தேவை, தாமிரம் பயன்படாது.

வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் தாமிர மருந்து உதவும். அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், காலம் 3 வாரம். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. மிகுந்தால் மீனே சாகும். ஆகவே நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும். தாமிரம் இறாலையும் பவள உயிரையும் கொல்லும். எனவே சிகிச்சை தனித் தொட்டியிலேயே நடைபெற வேண்டும். மீனில்லாத பெரிய தொட்டியில் ஒட்டுண்ணி இரையின்றி மடியப் பல வாரங்கள் ஆகும்.

இத்தனை துன்பத்தையும் தவிர்க்க வழி ஒன்றுண்டு. புது மீன் எவ்வளவு நலமாகத் தோன்றினாலும், முதல் 4 முதல் 6 வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். பொறுமையே அதற்கு நாம் தரும் முதல் மருந்து.