சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கு! (வெளிநாட்டில் ஒரு மெக்ஸிகோ உணவகம் திறக்க...)

"வெளிநாட்டில் ஒரு மெக்ஸிகோ ஹோட்டல் திறக்கப் போறே, முதலில் என்ன வாங்குவே?" என்று எங்கள் கேட்டரிங் பிரிவு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அகலமான வைக்கோல் தொப்பி என்றான் ஒருவன். கிடார் வாசிக்க நாலு பேர் என்றான் இன்னொருவன். மிளகாய் மூட்டை என்றார் ஒரு தோழி. அரைக்கிற கல்லை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியும், அதற்கு முன்னால் வரும் சுண்ணாம்பைப் பற்றியும்தான். மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். சமையலைவிட உங்கள் சப்ஜெக்ட்தான் இதில் அதிகம்.

மெக்ஸிகோ சாப்பாட்டுக்கு அஸ்திவாரம் டார்ட்டியா. மக்காச்சோள மாவை வட்டமாகத் தட்டி, 'கொமால்' என்ற தட்டையான கல்லில் சுட்டெடுப்பது. (எழுத்தைப் பார்த்து 'டார்ட்டில்லா' என்று படித்துவிடாதீர்கள், ஸ்பானிஷில் இரண்டு 'எல்' சேர்ந்தால் 'ய' ஓசை.) அதில் இறைச்சியோ பீன்ஸோ வைத்து மடித்தால் டாக்கோ. ஆனால் வெளிநாட்டில் பலருக்குத் தெரிந்த டாக்கோ, அப்பளம் மாதிரி நொறுங்கும் ஓடு. 1962-ல் கலிபோர்னியாவில் க்ளென் பெல் தொடங்கிய 'டாக்கோ பெல்' கடைகளுக்கு அதைப் பரப்பியதில் பெரிய பங்கு உண்டு. நார்வேயில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் டாக்கோ என்று வீட்டுப் பழக்கமே ஆகிவிட்டது. சாமான் எல்லாம் சூப்பர் மார்க்கெட் பெட்டியில் வருவது. அப்படிப்பட்ட ஊர்ப் பக்கம் போய், மிருதுவான டார்ட்டியாவை நீட்டி "இதுதான் அசல்" என்றால் வாடிக்கையாளர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அவரை நம்ப வைக்க டார்ட்டியாவின் வாசனை ஒன்றுதான் சாட்சி. அது தொப்பியில் வராது.

வாசனை வரும் முறைக்கு நிஸ்தமால் என்று பெயர். நாவாட்டில் மொழிச் சொல். ஸ்பானியர்கள் மெக்ஸிகோவில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஒரு கிலோ உலர்ந்த மக்காச்சோளம், இரண்டரை லிட்டர் தண்ணீர், சுமார் 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்ஸைடுதான். ஆனால் உணவுத் தரத்தில் இருக்க வேண்டும், வெள்ளையடிக்கிற டப்பாவைத் தூக்கி வராதீர்கள். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே முக்கால் மணி நேரம் வேகவைத்து, அடுப்பை அணைத்து, ராத்திரி முழுக்க அப்படியே ஊற விடணும். காலையில் தோல் வழுவழுவென்று கழன்று வரும். கழுவி அரைத்தால் மாவு.

உள்ளே என்ன நடக்கிறது? காரம் தோலில் உள்ள ஹெமிசெல்லுலோஸைக் கரைக்கிறது. கால்சியம் தானியத்துக்குள் இறங்குகிறது. ஸ்டார்ச் பாதி வெந்து, மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. மக்காச்சோளத்தில் கோதுமை மாதிரி குளூட்டன் கிடையாது. சுண்ணாம்பு போடாமல் அரைத்த மாவைத் தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் வெடிக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தாலும் கட்டுண்டு கிடக்கும், உடம்புக்கு ஒட்டாது. சுண்ணாம்புதான் அதை விடுவிக்கிறது. கொலம்பஸுக்குப் பின் மக்காச்சோளம் கப்பலேறி ஐரோப்பா போனது. சுண்ணாம்பு போடும் முறை கூடப் போகவில்லை. அதையே நம்பிப் பிழைத்த ஏழைகளுக்குத் தோல் கறுத்து வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது, செத்தும் போனார்கள். ஸ்பெயினில் காஸ்பர் கஸால் என்ற மருத்துவர் 1735-ல் இதைக் கவனித்து எழுதினார். இத்தாலியில் வைத்த பெயர்தான் பெல்லாக்ரா. நியாசின்தான் மருந்து என்று தெரிய 1937 ஆனது. இருநூறு வருஷம்! மெக்ஸிகோ கிராமத்துப் பாட்டி ஒரு பிடி சுண்ணாம்பை ஏன் போடுகிறாள் என்று அதற்கு முன்னால் யாராவது அவளிடம் கேட்டிருக்கலாம்.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். இத்தனை பாடு எதற்கு, சுண்ணாம்பில் வெந்து உலர்த்திய ரெடிமேட் மாவு பையில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. 1949-ல் மெக்ஸிகோவிலேயே தொடங்கிய க்ரூமா நிறுவனத்தின் 'மசேக்கா' உலகம் முழுக்க விற்கிறது. தண்ணீர் ஊற்றினால் மாவு தயார். அதை மோசம் என்று நான் சொல்லவில்லை, மெக்ஸிகோக்காரர்களே வாங்குகிறார்கள். ஆனால் புதிதாக அரைத்த மாவின் மணம் அதில் பாதிகூட வராது. கணக்கும் போட்டுப் பார்த்தேன். 100 பேர், ஆளுக்கு 3 டாக்கோ, டார்ட்டியா ஒன்று 30 கிராம் என்றால் 9 கிலோ மாவு. சுமார் 5 கிலோ மக்காச்சோளமும் 50 கிராம் சுண்ணாம்பும் போதும். ஆக, செலவு தானியத்தில் இல்லை. ராத்திரி ஊறப் போட ஒரு ஆள், விடியலில் அரைக்க ஒரு ஆள், பிறகு அந்த மில்.

மில் என்பது எரிமலைக் கல்லில் செய்த இரண்டு வட்டக் கற்கள். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். நம் வெட் கிரைண்டர் ஆகாதா? அதற்குத் தண்ணீர் தாராளமாக விட்டால்தான் மாவு புரளும்; இதுவோ சப்பாத்தி மாவுப் பதம். கல்லின் பள்ளம் தேய்ந்தால் அம்மி கொத்துகிற மாதிரி கொத்த வேண்டும். கோபன்ஹேகனிலோ லண்டனிலோ கல் கொத்துகிறவரை எங்கே தேடுவது? உரிமையாளரே உளி பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதைச் செய்து காட்டியவர் ரோசியோ சான்செஸ். மெக்ஸிகோ பெற்றோருக்கு சிகாகோவில் பிறந்து, கோபன்ஹேகனின் புகழ்பெற்ற நோமா உணவகத்தில் இனிப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 2015-ல் அதே ஊரில் 'ஈஹா தே சான்செஸ்' (சான்செஸின் மகள்) என்று ஒரு சின்ன டாக்கோ கடை போட்டார். மெக்ஸிகோவிலிருந்து மக்காச்சோளம் வரவழைத்து, டென்மார்க்கிலேயே சுண்ணாம்பில் வேகவைத்து அரைத்தார்கள். உள்ளே வைக்கும் காய், மீன், பாலாடைக்கு உள்ளூர்ச் சரக்கைச் சேர்க்கத் தயங்கவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. மெக்ஸிகோவுக்குள்ளேயே கடலோரத்து டாக்கோவும் மலைநாட்டு டாக்கோவும் வேறு வேறு.

சிவில் நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. சோளம் ஊறிய மஞ்சள் தண்ணீர் கடுமையான காரம். தோலும் ஸ்டார்ச்சும் கலந்தது. அப்படியே சாக்கடையில் விட்டால் குழாய் அடைக்கும், நகராட்சி ஆள் வந்து நிற்பார். வடிகட்டி, அமிலம் சேர்த்து நடுநிலைப்படுத்தி விட வேண்டும். கடைக்கு ப்ளான் போடும்போது மேஜைக்கு முன்னால் இந்தத் தொட்டிக்கு இடம் ஒதுக்குங்கள்.