ஓடை நீரின் தரத்தை ஊராரே கண்காணிக்கலாம்

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் அதில் தேங்கி, நீர் பாசனத்திற்கு உதவாமற் போயிற்று. கழிவை வெளியேற்றிய பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில்தான் உத்தரவிட்டது. அதற்குள் ஆற்றோரக் கிணறுகள் பல உவர்ப்பாகிவிட்டன. ஆகவே, நீர் கெடத் தொடங்கும்போதே அதை அறிந்து எழுதி வைப்பது ஆற்றோர, ஓடையோர விவசாயிகளுக்கு மிக அவசியம்.

நீர் தெளிவாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது; கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. அதை அறிய, பேனா அளவிலான மின் கடத்துதிறன் மானி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். அது மைக்ரோ சீமென்சில் காட்டினால் 1000-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். விடை 0.7-க்குக் கீழிருந்தால் எப்பயிருக்கும் தாராளமாகப் பாய்ச்சலாம். 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. பருத்தி ஓரளவு தாங்கும்; வெங்காயமும் அவரையும் 1-ஐத் தாண்டினாலே மகசூல் குறையும். 3 அளவுள்ள நீரை ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் பாய்ச்சினால், ஏறத்தாழ 200 கிலோ உப்பை, அதாவது நான்கு மூட்டையை, நிலத்தில் கொட்டியதாகும்!

ஒருமுறை அளந்து பயனில்லை. கழிவு கலக்கும் இடத்திற்கு மேலே ஓரிடமும், நன்கு கலந்தபின் கீழே ஓரிடமும் குறித்துக்கொண்டு, மாதந்தோறும் அதே இடங்களில் அளக்க வேண்டும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசமே கழிவு சேர்த்த உப்பைக் காட்டும். மழைக்குப்பின் அளவு குறைவாக இருக்கும் என்பதால் மழை விவரத்தையும் எழுத வேண்டும். கோடைக் கணக்கே முக்கியம்.

சந்தேகமிருப்பின், சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மும்முறை அலசி, ஓடும் நீரில் நிரப்பி, இடமும் தேதியும் எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். சாயமோ நாற்றமோ உள்ள நீரை வெறுங்கையால் தொடாதீர்கள்.

நீரடிக் கற்களையும் புரட்டிப் பாருங்கள். வாலில் மூன்று இழை கொண்ட சிறு பூச்சிகள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் நல்ல நீர். சேற்றில் செந்நிறப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் பிராணவாயு குறைந்துள்ளது, சாக்கடை கலந்திருக்கலாம். இச்சோதனைகளை நம்பி அந்நீரைக் குடிக்க வேண்டாம். பூச்சிமருந்தையும் நோய்க்கிருமியையும் இவை காட்டா.

அளவு தொடர்ந்து ஏறினால், நோட்டுப் புத்தகத்தின் நகலுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புதல் சீட்டு பெறவும். ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அதைக் காட்டலாம்.