வால்ஹைமில் வீடு கட்டும் பேரப்பிள்ளைகளுக்கு

கண்ணுகளா, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் இந்தக் கொல்லிமலையில் 30 வருஷம் கல்கட்டுக் கட்டினவன் நான். 2021-இல் சுவீடன்காரர்கள் வெளியிட்ட வால்ஹைம் என்ற கணினி விளையாட்டைப் பேரனோடு உட்கார்ந்து ஆடப் பழகினேன். அங்கேயும் எடை தரைக்கு இறங்கினால்தான் வீடு நிற்கிறது.

1. சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, வைத்த மரத்தைப் பாருங்கள். தரையைத் தொட்டது நீலமாகத் தெரியும். தரையை விட்டு விலக விலகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சிவப்பைக் கண்டால் அதற்குமேல் ஏற்றாதீர்கள்.

2. உயரே போவதைவிடப் பக்கவாட்டில் நீட்டும்போது மரத்தின் பலம் சீக்கிரம் தீரும். என் முதல் கூடத்தை நடுத்தூண் இல்லாமல் அகலமாகப் போட்டேன். முகட்டில் கடைசி உத்திரம் வைக்க வைக்க உடைந்து விழுந்தது. இரவெல்லாம் கூரையை மாற்றி மாற்றிப் போட்டேன். குறை கீழே இருந்தது. தரையிலிருந்து முகடுவரை இரண்டு தூண் நிறுத்தினேன். அதே உத்திரம் நின்றது.

3. சாதாரண மரத்தைவிடப் பைன் மரத்து உருட்டுக்கட்டை உயரம் தாங்கும். அதைவிட இரும்பு போட்ட உத்திரம்.

4. தரையில் கல் பாவி அதன்மேல் மரத்தூண் நிறுத்துங்கள். அந்தத் தூணுக்குக் கல்லே தரை. ஆனால் கல்லை அந்தரத்தில் நீட்டாதீர்கள். அகலமான வாசலுக்கு மேலே கல் வர வேண்டுமென்றால் அடியில் இரும்பு உத்திரம் கொடுங்கள்.

5. வீட்டை ஒட்டிய மரத்தை முதலிலேயே வெட்டிவிடுங்கள். பிறகு வெட்டி, அது தூண்மேல் சாய்ந்தால், அந்தத் தூணை நம்பி நின்றதெல்லாம் சரியும். இங்கே சில்வர் ஓக்கைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்ப்போம். அங்கே அந்த வசதி இல்லை.

6. சரிவில் கட்ட நம் மலைப் பழக்கம் உதவும். கல்கட்டு எழுப்பி, மண் நிரப்பி, மட்டமாக்கித்தானே வயலும் வீடும் வைத்தோம்? விளையாட்டிலும் மண்வெட்டியால் மண்ணை உயர்த்தலாம். அதைத் தொட்ட தூணும் நீலம்தான். ஆனால் அந்த மண்ணுக்குள் தண்ணீர் தேங்காது. நம் மண்ணில் தேங்கும். ஐப்பசி மழையில் கல்கட்டின் முதுகில் சேரும் தண்ணீர்தான் சுவரை முன்னால் தள்ளும். அதனால்தான் பின்புறம் சல்லி நிரப்பி, சுவரில் ஓட்டை விட்டுக் கட்டுகிறோம். மழை விட்டதும் கணினியை அணைத்துவிட்டு உங்கள் வீட்டுக் கல்கட்டைப் போய்ப் பாருங்கள். ஓட்டையில் தண்ணீர் வடியவில்லை என்றால் ஒரு குச்சியை விட்டு அடைப்பை எடுங்கள். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் பக்கத்தில் நிற்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.