சான்றிதழும் திறவுகோலும்

இணையதளம் ஒன்று தன்னை நாடி வருவோர்க்குக் காட்டும் அடையாளச் சீட்டே பாதுகாப்புச் சான்றிதழ். தளத்தின் பெயர், பொதுத் திறவுகோல், செல்லுபடியாகும் காலம், வழங்கிய நிறுவனத்தின் மின்னொப்பம் ஆகியன அதில் அடங்கும். அதனை எவரும் காணலாம். ஆனால், அச்சான்றிதழ் தனக்கே உரியது என்பதைச் சேவையகம் மெய்ப்பிக்க உதவும் தனித் திறவுகோல் மறைவாக இருத்தல் வேண்டும்.

தளம் புதிய சேவையகத்திற்கு மாறும்போது, சான்றிதழை மட்டும் படியெடுத்துச் சென்றால் பயனில்லை. அதன் தனித் திறவுகோலும் உடன்செல்ல வேண்டும். அதனைக் குறியாக்கம் செய்த வழியிலேயே அனுப்புதல் வேண்டும். மாற்றம் முடிந்தபின் பழைய சேவையகத்திலுள்ள படியை அழித்துவிடுதல் வேண்டும்.

2014 ஏப்ரலில், ஓப்பன் எஸ்எஸ்எல் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்னும் குறை வெளிப்பட்டது. அதன்வழியே சேவையகத்தின் நினைவகத்திலிருந்து தனித் திறவுகோலையும் கவர இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. மென்பொருளைத் திருத்திய பின்னும், பழைய திறவுகோலைக் கொண்டே புதிய சான்றிதழ் பெற்ற தளங்களுக்கு இடர் நீங்கவில்லை. திறவுகோல் களவு போயிருப்பின், சான்றிதழ் புதிதாயினும் காவல் பழுதுற்றதே.

ஆதலின், புதிய சேவையகத்திலேயே புதிய திறவுகோலை உருவாக்கி, அதற்கெனச் சான்றிதழ் பெறுதலே சிறந்த வழி. இடம்பெயராத திறவுகோல் வழியில் களவு போவதில்லை.