கர்ப்பிணியும் மெல்லும் புகையிலையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே (கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது) கர்ப்பகாலப் புகையிலைப் பழக்கத்தைப் பற்றிப் பேசுவோர், பீடியையும் சிகரெட்டையும் மட்டும் எண்ணிக்கொண்டு தொடங்கினால் குறி தவறிவிடும். 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் புகைப்போர் 2 விழுக்காட்டினரே. மென்றோ வாயில் அடக்கியோ பயன்படுத்துவோர் 12.8 விழுக்காட்டினர். எனவே 'பீடி, சிகரெட் பழக்கம் உண்டா' என்று கேட்கும் செவிலியருக்கு 'இல்லை' என்ற விடையே கிடைக்கும். அது பொய்யன்று, ஆனால் பயனற்றது. 'வெத்தலையோட போயிலை போடுவீங்களாம்மா?' என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

புகை இல்லாததால் புகையிலை கருவைத் தீண்டாது என்பது முதல் நம்பிக்கை. எரிப்பதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மெல்லும் புகையிலையில் இல்லை என்பது மெய்தான். ஆயினும் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் காரத்தன்மை, புகையிலையின் போதைப்பொருளான நிக்கோட்டினை விடுவித்து, கன்னத்தின் உட்சவ்வு வழியாக விரைந்து இரத்தத்தில் கலக்கச் செய்ய, அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் அடைகிறது. மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், புகையிலை மென்ற தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தமை தெரியவந்தது. பிள்ளை சிறுத்தால் பிரசவம் சுலபம் என்பாரும் உண்டு. எடை குறைந்த பிள்ளைக்கு உடற்சூடு காப்பதும் தொற்றைத் தாங்குவதும் பாலுறிஞ்சுவதும் கடினமாகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இவற்றினும் ஆழ வேரோடியது, புகையிலை மனக்கவலையை ஆற்றுகிறது, திடீரென விட்டால் தாயின் பதற்றம் பிள்ளையைப் பாதிக்கும் என்ற நம்பிக்கையாகும். கர்ப்பிணிகளில் பத்தில் நால்வருக்கு மேல் புகைத்துவந்த ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையேயும் இதே அச்சம் பதிவாகியுள்ளது. இரத்தத்தில் நிக்கோட்டினின் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைய, அதனால் எழும் எரிச்சலையும் படபடப்பையும் அடுத்த வாய்ப் புகையிலை அடக்குகிறது. தானே மூட்டிய தவிப்பைத் தானே தணிப்பதையே ஆறுதலென்று மனம் கொள்கிறது. விட்டபின் முதல் வாரம் கடினமானது என்பதை மறைப்பது நேர்மையாகாது. எனினும் சில வாரங்களில் அது தணியும்; புகைப்பதை விட்டவர்களிடம் கவலையும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைவதை 2014இல் 26 ஆய்வுகளைத் தொகுத்த மீளாய்வு காட்டியது.

ஆயினும் கணவனின் குடி, கடன், கர்ப்பத்திலும் ஓயாத காட்டுவேலை ஆகியவை புகையிலையை விடுவதால் மறைவதில்லை. அவற்றைக் கேளாமல் பழக்கத்தை மட்டும் கண்டிப்பது அப்பெண்ணை மறைவில் மெல்லவே வைக்கும். சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993இல் தொடங்கிய பழங்குடி நல அமைப்பு உள்ளூர்ப் பெண்களையே நலப்பணியாளராகப் பயிற்றுவித்தது. மனம்விட்டுப் பேச அத்தகைய அறிந்த முகமே ஏற்றது. தொலைபேசி வழி ஆலோசனைக்குப் புகையிலையை விட உதவும் 1800112356 என்ற கட்டணமில்லா எண்ணும், மனநலத்துக்கான 14416 என்ற எண்ணும் உள்ளன. நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் போன்ற மாற்றுகளைக் கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தலாகாது. பிள்ளை பெற்றபின் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமும் தவறானதே; நிக்கோட்டின் தாய்ப்பாலிலும் கலக்கிறது.