செம்பும் பாலும்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடியாத காடு, நெற்றியில் விளக்கு, கையில் வாளியோடு ரப்பர்ப் பால்மரம் வெட்டும் பெண். சுத்தமாக வரைந்திருக்கிறாய். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. இதே பெண்ணை நம் ஆட்கள் வரைந்து வரைந்து நாள்காட்டியிலும் ஆண்டு மலர் அட்டையிலும் ஏற்றிவிட்டார்கள். மரம் வெட்டியது என் அம்மா. நீ பிறக்கும்போதே தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாட்டி பட்ட பாட்டைக் கடன் வாங்கி வரைந்தால் படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாயே, காய்ந்த பால் தாளுக்குள் செம்புக் கம்பி பதித்தது. கம்பி ஓடிய இடமெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்துவிட்டது, “கெட்டுப்போச்சு பெரியப்பா” என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

பாலை உறையவைத்துத் தாளாக்கும் தோட்டத்து ஸ்டோரில் காலம் தள்ளியவனுக்கு இது தெரிந்த கதை. செம்பும் மாங்கனீசும் ரப்பருக்கு எமன். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் மெதுவாகச் செய்கிற நாசத்தை அவை முடுக்கிவிடும். பால் உறையாமலிருக்க ஊற்றுகிறோமே அமோனியா, அது செம்பைக் கரைத்துப் பாலுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பால் படுகிற இடத்தில் பித்தளைச் சாமானைக்கூட வைக்க விடமாட்டோம். நீ வேலை செய்யும் கூலிம் ஹைடெக் பூங்காவிலோ செம்பு இல்லாமல் ஒரு சர்க்கியூட் பலகையும் கிடையாது. பாட்டியின் பாலைப் பேத்தியின் உலோகம் தின்கிறது. நீ உட்கார்ந்து யோசித்திருந்தால் இது உனக்குத் தோன்றியிருக்குமா? இரண்டு பொருளையும் ஒன்றாகப் போட்டாய், அவை பேசிக்கொண்டன.

ஈவா ஹெஸ்ஸியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். 1936இல் ஹாம்பர்கில் பிறந்த யூதப் பெண்; நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் போன குடும்பம். 1964-65இல் ஜெர்மனியில் கெட்விக் என்ற ஊரில், ஓட்டம் நின்றுபோன ஒரு நெசவாலையில் அவளுக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. அதுவரை ஓவியம்தான். அந்த ஆலையில் கிடந்த கயிறும் இயந்திரத் துண்டுகளும் கையில் பட்டபிறகு ஓவியம் பலகையை விட்டு எழுந்து வெளியே நீண்டது. பிறகு ரப்பர் பாலுக்கு வந்தாள். மெல்லிய துணியில் பாலைத் தடவி, காயவிட்டு, திரும்பத் தடவி, ஆளுயரத்துக்கு மேல் நிறுத்தினாள். 1970இல், 34 வயதில், மூளைக்கட்டியால் இறந்துபோனாள். பால் நிலைக்காது என்பது அவளுக்குத் தெரியும். 1969இல் செய்த ‘எக்ஸ்பேண்டட் எக்ஸ்பேன்ஷன்’ பழுத்து, விறைத்து, முறியும் நிலைக்குப் போய் 35 வருஷம் வெளியே வரவில்லை. கூகன்ஹைம் அருங்காட்சியகம் செப்பனிட்டு 2022இல்தான் மறுபடி காட்டியது. அவள் கை பட்ட பாலில் நம் கெடாப் பாலும் கலந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஆசை. ஆதாரம் கேட்காதே.

அந்த நெசவாலையில் இருந்தபோது அவளும் உன்னைப்போல்தான், தன்மேல் நம்பிக்கையில்லாமல் தவித்திருக்கிறாள். 1965இல் அவள் நண்பர் சோல் லெவிட் ஒரு நீண்ட கடிதம் போட்டார். குழம்புவதை நிறுத்து, வேலையைச் செய் என்பதுதான் அதன் சாரம். என்னால் அவரைப்போல் எழுத முடியாது. ஸ்டோர்க்காரன் பாஷையில் சொல்கிறேன்.

வேலை செய்ய உன் வீட்டுக் கார் போர்ச் போதும். நீ ஆசைப்படுகிற கோலாலம்பூர் ஸ்டூடியோ வேண்டாம். அமோனியாவுக்குக் காற்றோட்டம் வேண்டும், அங்கே அது இருக்கிறது. பாடாங் செராய் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் மரம் வெட்டுகிறார்கள். வெயிலுக்கு முன்பே போய்ப் பாலை வாங்கு. வடிகட்டாமல் ஊற்றாதே. ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஃபார்மிக் அமிலம், மழையா வெயிலா, எல்லாம் எழுது. ஒரே பாலில் செம்போடு ஒன்று, செம்பில்லாமல் ஒன்று, வெயிலில் ஒன்று, பீரோவுக்குள் ஒன்று என்று போட்டு வை. முன்னேற்றத்தைக் கண் சொல்லாது, நோட்டுப் புத்தகம் சொல்லும். மரத்தில் பால் வடியும் மங்கில் தானாக உறைந்த கட்டிப்பாலையும் விடாதே. நாறும், ஆனால் அந்த நாற்றம்தான் இந்த மாவட்டத்தின் வாசனை. கம்பியைக் கடையில் வாங்கு. ஃபேக்டரிக் கழிவிலிருந்து ஒரு துணுக்குகூடக் கேட்காமல் எடுக்காதே. கலை என்றால் செக்யூரிட்டிக்குப் புரியாது.

ஆனால் கண்ணால் எடுப்பதை யாரும் தடுக்க முடியாது. நீ நிற்கும் லித்தோகிராபி அறையில் மஞ்சள் வெளிச்சம் மட்டும்தான் என்றாயே. சில்லின்மேல் பூசும் ரசாயனத்துக்கு நீல ஒளி ஆகாது, அதனால் நீலத்தை வடிகட்டிவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் நீலப் பொருள் கறுப்பாகத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் நீலமே இல்லாத உலகத்தில் நின்றுவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறவளுக்கு உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லையாம்! அங்கே தூள் உதிரும் என்று பென்சிலைக்கூட உள்ளே விடமாட்டார்கள். ஸ்டோரிலோ தூசும் புகையும் படாத தாளே கிடையாது. இரண்டையும் தெரிந்த வீடு நம் வீடு.

இன்னொன்று. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் வீடிழந்தவர்களிடம் பேப்பரைக் கொடுத்து, இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல் கோடுகள்தான் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற புத்தகமாக வந்தன. நம் தோட்டத்து லயத்தையும் இடித்துவிட்டார்கள். அதில் பிறந்தவர்கள் கூலிம் டாமான் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்க் கேள். அவர்கள் போடுகிற கோட்டைத் திருத்தாதே.

வேலையை மட்டும் விட்டுவிடாதே. மாசச் சம்பளம் வரட்டும், பால் வாங்கக் காசு வேண்டும். தாள்கள் ஒரு கட்டு சேர்ந்த பிறகு எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்கு வா. அதுவரை கோலாலம்பூர்ப் பேச்சை எடுக்காதே.

உன் பெரியப்பா